சுண்ணாம்புக் கோடு

மாநகராட்சியில் எனக்குக் கோடு போடுகிற வேலை.
கபடிக்கு, ஓட்டுச்சாவடிக்கு,
கொரோனாவில் மீன் மார்க்கெட்டில் ஆள் நிற்க வட்டம்.
ஆகஸ்ட் வந்தால் நேதாஜி ஸ்டேடியத்தில்
இந்தியா.

பள்ளிக்கூட அட்லஸைக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி
முளையடித்து, கயிறு இழுத்து
அரை மூட்டைச் சுண்ணாம்பில் முடித்துவிடுவேன்.
குஜராத் மட்டும் எந்த வருஷமும் கைக்கு வராது.
ஆறுகள் போடுவதில்லை.
பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவன்,
மணலை எப்படி வரைவது?

நாற்பத்திரண்டு பெண்கள்.
தட்டுக்கழியோடு வத்சலா டீச்சர்.
உயரமானவள் இமயத்துக்கு.
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புக்காரர் மகள்
மாயாதேவி, குமரி முனைக்கு.
வேலூர் வரவேண்டிய இடத்தில்
மைக் ஸ்டாண்டு.

டீச்சர் முதலில் கொண்டுவந்தது ஒரு பதம்.
வள்ளிமலைக்காரன் வராத ராத்திரியை
ஒருத்தி தோழியிடம் சொல்லி மாளாமல் சொல்வது.
"யாரும்மா இந்த அவன்?" என்றார் பிஆர்ஓ.
"முருகன் சார்."
"பொது நிகழ்ச்சி. நாடுன்னு மாத்துங்க.
மெத்தை, சந்தனம், அதெல்லாம் வேணாம்."

சொல் மாறியது. கை மாறவில்லை.
நேற்று அவனைக் கூப்பிட்ட அதே விரல்கள்
இன்றைக்கு தேசத்தைக் கூப்பிட்டன.
மாயாதேவிதான் கேட்டாள்:
"நாடு எப்ப மிஸ் ராத்திரி வராம போச்சு?"
கழி நின்றது.
டீச்சர் பதில் தேடிய மாதிரிதான் இருந்தது.
பிறகு, தை யும் தத் தத்.

என் மச்சான் கூத்தில் கட்டியங்காரன்.
விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு ஏழு நிமிஷம்,
அதுவும் சிறப்பு விருந்தினர் கிளம்பியபின்.
பட்டியலில் 'நாட்டுப்புறம்' என்று போட்டிருந்தது.
"நாட்டுக்கு எந்தப் புறம் மாமா?" என்றான்
முகத்து அரிதாரம் வெயிலில் வழிய.

ஆல்தாவுக்குப் பணம் வரவில்லை.
பாதத்துக்கு மஞ்சள் போதும் என்றாள் டீச்சர்.
விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதம்.
எல்லையில் நிறுத்தப்பட்ட பெண்களின் கால்களில்
வியர்வை, மஞ்சள், என் சுண்ணாம்பு
மூன்றும் கலந்தன.
ஆலம் கரைத்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்
என்ன நிறம் வருமென்று.

ஆட ஆட வங்கத்திலிருந்து கட்ச் வரை சிவப்பு.
முதல் வரிசை கைதட்டியது.
மேடையிலிருந்து பார்க்க
அழகாகத்தான் இருந்திருக்கும்.
மாயாதேவி ஒற்றைக் காலில் நின்று
மற்ற பாதத்தைத் திருப்பி எரிச்சலை ஊதிக்கொண்டாள்.
அதையும் அபிநயம் என்று நினைத்தார்கள்.

சாயங்காலம் கழுவிவிடச் சொன்னார்கள்,
காலையில் வாலிபால்.
தண்ணி லாரிக்கு நாலு தடவை போன் போட்டேன்.
எட்டாச்சு, பத்தாச்சு.
காலி ஸ்டேடியத்தில் நானும் சிவந்த வரைபடமும்.
கேட்டுப் பக்கம் வெளிச்சம் தெரியும்போதெல்லாம்
என் வலது கை தானாக எழுந்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.
அது ஆட்டோ.
அப்புறம் இன்னொரு ஆட்டோ.