கதவுப் பட்டியல்

நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை
ஏஷ்பாக்கர் என் திரையில் விரித்துவிட்டுப் போன அட்டவணை.
அகலம், உயரம், எந்தப் பக்கம் திறக்கும்,
எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும்.

படிப்பின் கடைசி வருடம் நான் வரைந்தது
லிம்மாத் ஆற்றின் மேல் மிதக்கும் ஒரு நூலகம்.
வெளிச்சத்தைப் பற்றியே இருபது நிமிடம் பேசினேன்.
பேராசிரியர்கள் தலையசைத்தார்கள்.
அதற்கு எத்தனை கதவு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

நியமனக் கடிதம் வந்த அன்றிரவு அம்மா
கனடாவரை போன் அடித்துச் சொன்னா:
மகள் இனிக் கட்டடம் கட்டுவாள்.
இப்போது பிறந்தநாள் மண்டபங்களில்
கையில் ரோல்ஸோடு வந்து கேட்கிறார்கள்,
எந்தக் கட்டடம்?
ஓர்லிகனில் ஒரு முதியோர் இல்லம், என்கிறேன்.
அதில் எது உம்மடை?
ரோல்ஸ் நல்லாயிருக்கு, என்கிறேன்.

இங்கே வாழ்க்கையைக் கால் மணித்தியாலங்களாக
எழுதிக் கொடுக்கவேண்டும்.
8.00 முதல் 11.45 வரை: கதவுகள்.
பன்னிரண்டுக்கு எல்லோருக்கும் ஒன்றாகப் பசிக்கும்.
மைக்ரோவேவில் என் பருப்பு சுற்ற
லூக்கா தன் ஆறு வருடத்தைச் சொன்னான்:
முதலில் குளியலறை ஓடுகள்,
பிறகு படிக்கட்டுகள்,
போன மார்கழியில்தான் ஒரு ஜன்னல்.
குரலில் சலிப்பே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

இருநூற்றுப் பதினேழாம் கதவுக்காக மட்டும்
மூன்று நாள் சண்டை பிடித்தேன்.
கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக
இன்னும் பத்து சென்டிமீட்டர் வேண்டும்.
பதினொரு மின்னஞ்சல்கள். கடைசியில் சரி என்றார்கள்.

சாவி கையளிக்கும் நாளன்று போய்ப் பார்த்தேன்.
பெயிண்ட் வாசனை. காலியான நடைபாதை.
கதவு தாராளமாகத் திறந்தது,
திறந்து, சுவரோரக் கைப்பிடிக் கம்பியில் போய் மோதியது.
ணங்.
கட்டடப் பராமரிப்பாளர் ஒருமுறை மோதிக் காட்டினார்.
நான் பார்க்கவில்லையோ என்று மறுபடியும்.
இதை வரைந்த மடையன் யார்?
தெரியவில்லை, என்றேன்.
எட்டு மாதத்தில்
தடுமாறாமல் நான் சொன்ன முதல் ஜெர்மன் வாக்கியம்
அதுவாகத்தான் இருக்கும்.

மத்தியானம் மீக்ரோவுக்குப் பக்கத்துக் கடையில்
ரப்பர் முட்டு ஒன்று வாங்கினேன்.
நாலு பிராங் எண்பது, என் காசு.
யாருமில்லாத நேரம் முழங்காலில் இருந்து
தரையில் ஒட்டினேன்.
மெதுவாகத் திறந்தேன். சத்தமில்லை.
இன்னொருமுறை திறந்தேன்.

அந்தக் கால் மணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ரயிலில் இருந்தபடி வெறுமையாக விட்டேன்.
அம்மாவுக்குக் கதவின் படம் அனுப்பினேன்.
இது என்ரை, என்று மட்டும் எழுதி.
ஹார்ட்புருக்கேயைத் தாண்டும்போது பதில் வந்தது.
ஒரு இதயம். கொஞ்சம் பொறுத்து,
உள்ளுக்கு ஆர் இருக்கப்போகினம்?