நூலால் அளந்தது

நான்காம் படிவம், புவியியல், களப்பணி.
செந்தூல் வட்டாரம், ஒன்றுக்கு ஐயாயிரம்:
தாளில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால்
தரையில் ஐம்பது மீட்டர் வியர்க்கும்.

பாடநூல் மலாயில்.
ஸ்காலா என்று படித்து
அளவுத்திட்டம் என்று மனசில் வைத்து
கூட்டாளி ஹுய் ஷானிடம் இரண்டையும் கலந்து சொல்வேன்.
அவள் கான்டனீசில் ஏதோ முணுமுணுத்துவிட்டு
பென்சில் சீவுவாள்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே,
அவள் வீடு மேற்கே.
அடிமட்டம் வைத்தால் நாலு சென்டிமீட்டர்.
எங்கள் துணிக்கொடி வழியாகப் பார்த்தால்
அவர்கள் நீச்சல்குளம் தெரியும்,
அஞ்சல்தலை அளவு நீலம்.

இடையில் ரயில் பாதை:
கறுப்புக் கோடு, குறுக்கே சின்னச் சின்னக் கீறல்,
ஆறின புண்ணில் தையல் மாதிரி.
அடிமட்டத்துக்கு வேலி தெரியாது.
வளையும் வழியை நூலால்தான் அளக்கணும்.
என் சீருடை ஓரத்தில் பிரிந்து தொங்கிய
நீல நூலை இழுத்தேன்.

பிளாட்டிலிருந்து பாசார்,
பாசாரிலிருந்து மேம்பாலம், அதன் படிகள்,
அப்புறம் சுவரையே ஒட்டி ஒட்டி,
காவல் சாவடி, பெயர் எழுதும் நோட்டு.
மூலைக்கு மூலை குண்டூசி குத்தி
நூலை நிமிர்த்தினால் இருபத்திரண்டு.
ஆயிரத்து நூறு மீட்டர்.
ஹுய் ஷான் நம்பாமல் மறுபடி அளந்தாள்.
அவளுக்கும் அதேதான் வந்தது.
“நான் உன் வீட்டுக்கு வந்ததே இல்லை, இல்ல?” என்றாள்.

சம உயரக் கோடுகளில்
குன்றுகள் கைரேகை போலச் சுழல்கின்றன.
பதினேழு மாடி எங்கள் பிளாட்டுக்கு
ஒரு கோடும் கிடையாது.
மேலிருந்து பார்த்தால் சாம்பல் கட்டம்.
லிஃப்ட் கெட்ட வாரத்தில்
கேஸ் தோங் தூக்கி வருபவரைக் கேட்டால்
உயரம் எவ்வளவு என்று சொல்வார்.

குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்குச் சிவப்பு.
ஐந்தடிக்கு என்ன நிறம்?
காலையில் அங்கே நாசி லெமாக்,
மத்தியானம் சாவி வெட்டுகிறார்கள்,
ராத்திரி ஒரு பூனையும் நான்கு நாற்காலியும்.
வரைபடத்துக்கு மணி பார்க்கத் தெரியாது.

குடிபெயர்வு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
தோலாக்கான், தாரிக்கான்:
தள்ளும் காரணி, இழுக்கும் காரணி.
பணம் அனுப்பும் கடையின் கண்ணாடிக் கதவிலும்
வெளியே தோலாக், உள்ளே தாரிக்.
ஒரே கதவு.

அந்த வாசலில் பூர்ணா தமாங்கை நிறுத்திப் பேட்டி எடுத்தோம்.
ஊர்?
“தோலக்கா.”
கதவைத்தான் சொல்கிறார் என்று சிரித்துவிட்டோம்.
அவரும் கதவைப் பார்த்தார், சிரித்தார்,
பிறகு பொறுமையாக எழுத்துக்கூட்டினார்:
நேப்பாளம். மாவட்டத்தின் பெயரே அதுதான்.

இரவில் ஹுய் ஷான் வீட்டு நுழைவாயிலில் காவல்.
பகலில் எங்கள் பக்கம், கடைமாடியில் தூக்கம்.
எங்கள் இருபத்திரண்டு சென்டிமீட்டரைத்
தினம் இரண்டு முறை நடக்கிறவர்.
ஆறு மெத்தை, பன்னிரண்டு பேர்.
இவர் எழுந்த சூட்டில் இன்னொருவர் படுப்பார்.

மக்கள் அடர்த்தி: ஆட்களைப் பரப்பால் வகு.
எந்த நேரத்து ஆட்களை?
பதில் கிடைக்காமல்
பாதி கறுத்த ஒரு வட்டம் போட்டேன்,
குறிப்புப் பெட்டியில் அதன் எதிரே
‘மெத்தை’ என்று எழுதினேன்.

கடைசியில்தான் நினைவு வந்தது:
வடக்கு போடவில்லை.
கைப்பேசி செத்துக் கிடந்தது.
வடக்கு எந்தப் பக்கம், அண்ணே?
யோசிக்கவே இல்லை அவர். கை நீட்டினார்,
பாசார் கூரைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே,
கொஞ்சம் மேற்காக.
ஹுய் ஷான் அப்படியே அம்பு வரைந்தாள்.

திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது.
அங்கீகரிக்கப்படாத சின்னம், இரண்டு புள்ளி.
சாய்ந்த வடக்கு, ஒரு புள்ளி.
அளவுகோலுக்கு அடியில் நாங்கள் ஒட்டிவைத்த
நீல நூலைச் சுற்றி மட்டும்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.