காலி எடை

வாலாஜா தாண்டி சிப்காட் போகும் சாலையில்
எடைமேடைக் கணினி காலையில் எழவில்லை.
கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு
சிமிட்டிக்கொண்டிருந்தது.
காட்பாடியிலிருந்து நான் வந்து சேர்வதற்குள்
ஒன்பது லாரிகள்.
'இன்னாபா, எவ்ளோ நேரம்?' என்றார்
தோல் ஏற்றி வந்தவர்.
அவருக்கு முன்பே கேட்டுவிட்டது தோலின் நாற்றம்.

ஹார்ட் டிஸ்க் அருகே காதை வைத்தேன்.
டிக், டிக், அப்புறம் ஒன்றுமில்லை.
புதியதை மாட்டிவிட்டு
பையிலிருந்து பழைய இமேஜை எடுத்தேன்:
பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்.
செக்டர் செக்டராக நானே எடுத்தது,
எழுதிய இடம் எழுதாத இடம் எல்லாம் சேர்த்து.
தண்ணீர் வராத பாலாற்றையும்
அகலம் குறைக்காமல்தானே வரைபடத்தில் போடுகிறார்கள்.

இந்த டிஸ்கில் உள்ள யாவும் அழியும், தொடரவா?
இரண்டு முறை கேட்டது.
புது டிஸ்க், அழிய ஒன்றுமில்லை.
இருந்தும் இரண்டாவது 'ஒய்' தட்டுமுன்
எங்கிருந்து, எங்கே என்று
திரைமேல் விரல் வைத்துப் பார்த்தேன்.
ஆற்காட்டில் ஒரு மருந்துக்கடைக்கு
திசை மாற்றிக் கொடுத்து
வெறுமையைப் பத்திரமாக நகலெடுத்தவன் நான்.

நாற்பத்திரண்டு சதவீதத்தில்
ரிஸ்வானா சீட்டுக் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.
'ஆறு மாசம்' என்றார், என்னைப் பார்க்காமல்.
அத்தனையும் கையால் ஏற்ற வேண்டும்.
வாராவாரம் இமேஜ் எடுக்க வேண்டும் என்று
அன்றே சொல்லியிருந்தேன்.
வந்து எடுத்துத் தருகிறேன் என்றும்
நான்தான் சொல்லியிருந்தேன்.

நூறு. பூட் ஆனது.
உள்ளே நுழைய இரண்டு பெயர்கள்:
ரிஸ்வானா
சம்பங்கி

ஏப்ரலில், அம்மூர் வளைவில், சம்பங்கியின் பைக்.
மே மாதம் நான்தான் வந்து
அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் போனேன்.
நூற்றைம்பது ரூபாய் வாங்கினேன்.
பிப்ரவரிக்கு இது எதுவும் தெரியாது.
பெயருக்கு மேல் அவர் வைத்த படம்,
ஒரு மஞ்சள் கிரேன்,
அப்படியே இருந்தது.

கைச்சுட்டி என் கையில்தான் இருந்தது.
ரிஸ்வானா அதை வாங்கி
தன் பெயரைத் தட்டினார்.
'அது கெடக்கட்டும்ணா. வண்டி நிக்குது.'

முதல் லாரி ஏறியது. எண்கள் ஓடி ஓடி நின்றன.
'காலி எடை சாயந்திரம் போட்டுக்கறேன்' என்று
கையை நீட்டினார் தோல்காரர்.
அச்சாகி வந்த சீட்டு எண்
பிப்ரவரி பன்னிரண்டில் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.
பேனாவால் அடித்து
பக்கத்தில் வேறொன்று எழுதிக் கொடுத்தார்.