இருபத்து மூன்று

ஜனவரி எட்டு. ரெஜைனா. மைனஸ் முப்பத்தொன்று.
அன்றைக்குத்தான் அதியன் அந்த வகுப்பில் சேர்ந்தான்.
அதுவரை அங்கே இருபத்திரண்டு பேர்,
இரண்டிரண்டாய் நின்றால் பதினோரு ஜோடி,
ஒரு குறையும் இல்லாமல்
ஸ்கேட்டிங் போய் வந்த வகுப்பு.

"நான் போய்க் கெடுத்துட்டேன்" என்றான்
பயிற்சித் தாளை விரித்தபடி.
"மிஸஸ் கோவல்சக்தான் தினமும் எனக்கு ஜோடி."

இருபத்து மூன்றின் காரணிகளை எழுதுக.
ஒன்று. இருபத்து மூன்று.
பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு
இரண்டால் பார்த்தான், மூன்றால் பார்த்தான்,
ஏழால் பார்க்கும்போது முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.
பகா எண்டா அது, என்றேன்,
யாராலும் உடைக்க முடியாது.
தலை நிமிராமல் சொன்னான்:
"யாரும் கூடச் சேர மாட்டாங்க. அதான் அதுக்கு அந்தப் பேரு."

அதற்குமேல் போக எனக்குக் கணக்கு தெரியாது.
முதியோர் இல்லச் சமையலறையில்
மசித்த உருளைக்கிழங்கு அள்ளுகிறவள் நான்.
அங்கே கரண்டிகளுக்கு எண் உண்டு.
எட்டாம் எண் சாம்பல் பிடி, பெரியது.
பதினாறாம் எண் நீலப் பிடி, அதில் பாதி.
முதல் வாரம் மாற்றி அள்ளி
ஏழாம் அறைக்காரருக்கு இரண்டு பங்கு போய்விட்டது.
மறுநாளும் அந்தப் புதுப் பெண்ணே வரட்டும் என்றாராம்.

எட்டில் ஒன்றைவிடப் பதினாறில் ஒன்று
எப்படிச் சின்னது என்று
பிப்ரவரியில் அவன் அழுதபோது
இரண்டு கரண்டிகளையும் கைப்பையில் கொண்டுவந்தேன்
(கேட்டுத்தான் எடுத்தேன்).
ரவை உப்புமாவை அள்ளி அள்ளி வைத்தேன்.
"அப்ப பெரிய நம்பர் பொய் சொல்லுது."
பொய் இல்லடா, சட்டி ஒன்றுதான்,
நீளுகிற கைகள்தான் கூடுகின்றன.
நிரூபணத்தை இருவருமாய்த் தின்று முடித்தோம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
பூட்ஸைக் கழற்றாமல், அடுப்படி வரை ஈரம்,
"அம்மா, இருபத்து நாலு!"
மரிசெல் என்று ஒருத்தி, மணிலாவிலிருந்து.
அன்றிரவு காரணிகள் தாளைத் தாண்டி வழிந்தன.
ஈர்பன்னிரண்டு, மூவெட்டு, நாலாறு.
எப்படி உட்கார வைத்தாலும்
யாரும் நிற்க வேண்டியதில்லை.
குளிக்கும்போதும் சொன்னான்.
தூக்கத்தில் அவன் அப்பாவை உதைத்தது
எந்தக் காரணி என்று தெரியவில்லை.

மே கடைசியில் மரிசெல்லின் அப்பாவுக்கு
லாயிட்மின்ஸ்டரில் வேலை கிடைத்தது.

நான் எதுவும் கேட்காமல் சப்பாத்தி தேய்த்தேன்.
ஒன்றும் வட்டமாக வரவில்லை.
அவனாகவே வந்து உட்கார்ந்தான்.
புதுத் தாள், கலப்புப் பின்னம்.
இருபத்து மூன்றை நான்கால் வகுக்க.
ஐந்து போட்டான். மூன்று மிஞ்சியது.
மீதி மூன்று என்று எழுதுவான், நினைத்துக்கொண்டேன்.
போன வருஷம்வரை அப்படித்தானே,
விடைக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி.

"இப்ப அப்படி எழுதினா தப்பும்மா."
மூன்றைத் தூக்கி ஒரு கோட்டின் மேல் உட்காரவைத்தான்,
கோட்டுக்குக் கீழே நான்கு,
ஐந்தின் தோளை உரசிக்கொண்டு.

ஐந்தே முக்கால், என்றேன்.
"அந்த 'தே' எதுக்கு?"
ஒட்டுறதுக்கு.
ஐந்தே முக்கால், ஐந்தே முக்கால் என்று
வாய்க்குள் உருட்டிப் பார்த்தான், மிட்டாய்போல.

நாளைக்கு யார்டா ஜோடி? கேட்டேவிட்டேன்.
"ஜோடி இல்ல, மூணு பேரா நிக்கிறோம்.
நான், கோல்ட்டன், அமினா"
என்று சொல்லிவிட்டு ரப்பர் துகளை ஊதித் தள்ளினான்,
நேராக என் மாவுக்குள்.
தாளில் இன்னும் பதினோரு கணக்குகள் பாக்கி.