மேற்கே திரும்பி

வியாழனன்றே வந்திருக்க வேண்டிய பாதிரியார்
மூடுபனி விலகாமல் சனிக்கிழமைதான் இறங்கினார்,
தபால் பைகளோடும் ஒரு பெட்டி ஆரஞ்சோடும்
நால்வர் அமரும் விமானத்தில்.
அலாஸ்காவின் இந்தத் தீவுக்குத்
தேவன்கூட வானிலை பார்த்துத்தான் வர வேண்டும்
என்று சிரித்தாள் மத்ரோனா, குழந்தையின் தாய்.
பிறகு என் கையைப் பிடித்து,
"ஞானத்தாய் நீதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை" என்றாள்.

அவர் என்றால் நிக்கிஃபோர். என் தம்பி.
அப்பாவின் படகை, என் பாதியையும் சேர்த்து,
கையெழுத்துப் போட்டு விற்றவன்.
ஏழு குளிர்காலம் ஆயிற்று.
ஒரே துறையில் கயிறு கட்டுகிறோம்,
ஒரே கடையில் மாவு வாங்குகிறோம்,
பேச்சு இல்லை.

பிசாசுக்குக் கொம்பு வைத்துப் படம் போட்டவர்கள்
அவனோடு குடித்தனம் செய்யாதவர்கள்.
எனக்குத் தெரிந்தவன் காதில் பென்சில் செருகிய கணக்கன்.
உறுமமாட்டான். பொய்யும் அவ்வளவாகச் சொல்லமாட்டான்.
சால்மனைக் கீறி நான் குடலை வழிக்கையில்
பக்கத்தில் நின்று நிதானமாகக் கூட்டுவான்:
படகு இவ்வளவு, வலை இவ்வளவு,
அப்பா சாகக் கிடந்தபோது மூத்திரத் துணி மாற்றியது யார்,
வட்டியோடு இவ்வளவு.
ஒரு தடவைகூடக் கூட்டல் தப்பியதில்லை.

நாற்பது நாள் நோன்பிருந்து பார்த்தேன்.
அந்த நாற்பதையும் என் பக்கம் வரவு வைத்தான்.

கோயிலின் கடைசியில் நிற்கிறோம்.
குழந்தை என் தோளில், வெதுவெதுப்பாக,
புளித்த பால் வாசனையோடு.
"மேற்கே திரும்பு, அக்ரஃபேனா" என்றார் பாதிரியார்.
மேற்கு என்றால் எங்களுக்கு வாசற்கதவு.
கதவுக்கு அப்பால் கடல்.
"சாத்தானையும் அவன் கிரியைகள் எல்லாவற்றையும்
விட்டொழிக்கிறாயா?"
மூன்று முறை கேட்டார்.
பேச்சு வராத பிள்ளைக்காக மூன்று முறை சொன்னேன்,
விட்டொழிக்கிறேன்.
"அப்படியானால் அவன்மேல் ஊதித் துப்பு."

கதவு திறந்தது.

ரப்பர் பூட்சும் டீசல் நாற்றமுமாகத்
தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு
நேர் எதிரே நிக்கிஃபோர்.
மூன்றடி தூரம்.

துப்பு, என்றான் கணக்கன்.
சடங்கு இது. யாரும் குறை சொல்ல முடியாது.
திருச்சபையே கை காட்டியிருக்கிறது.
ஏழு வருஷத்துக்கும் ஒரே துப்பு, கணக்குத் தீர்ந்தது.

வாய் நிறைய எச்சில் ஊறிவிட்டது.
பாதிரியார் காத்திருந்தார். மெழுகு சொட்டியது.
தம்பி நகரவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை.
என்ன வரும் என்று தெரிந்தே நிற்பவன்போல நின்றான்.
இடது புருவத்தில் அந்தத் தழும்பு.
நான் எறிந்த தூண்டில் ஈயம் பட்டது; அவனுக்கு அப்போது ஆறு வயது.
இத்தனை வருஷக் கூட்டலில்
அது ஒரு வரியாகக்கூட ஏறியதில்லை.

குரல் வாசலிலிருந்து வரவில்லை.
என் காதுமடல் அருகே, என் மூச்சுச் சூட்டிலிருந்து வந்தது.
தலையைத் தாழ்த்தி ஊதினேன். துப்பினேன்.
என் வலது பூட்ஸின் மேலேயே விழுந்தது.

எத்தனையோ துப்பல்களைப் பார்த்தவர் பாதிரியார்.
"இப்போது கிழக்கே" என்றார்.

முழுக்கு முடிந்து, எண்ணெய் பூசி,
எல்லோரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கையில்
பக்கத்தில் வந்து நின்றான்.
ஏழு குளிர்காலத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் பேச்சு:
"உன் பூட்ஸ் நாடா அவிழ்ந்திருக்கிறது."

கையில் குழந்தை. குனிய முடியாது.
அவன் குனியட்டும், என்றது குரல்.
முட்டி போட்டு அவனே கட்டட்டும், எல்லோரும் பார்க்க.
ஒரு நொடி, நல்ல பெரிய நொடி,
நானும் அதை விரும்பினேன்.

பிறகு அவன் மகளை அவன் கையில் கொடுத்துவிட்டு
நானே குனிந்தேன்.

முதலில் குனிந்தவள் நீ, குறித்துக்கொள்கிறேன்,
என்றான் கணக்கன்.
குறித்துக்கொள், என்றேன்.
ஈர நாடாவை இழுத்து
இரட்டை முடிச்சாகப் போட்டேன்.