ஏழாவது முறை

என் வேலை முதலில் காதுக்கு.
ஸ்பேனர் எடுப்பது அப்புறம்.

தீட்டுக்கல் தளத்தில் ஜெர்கினை இழுத்து மூடிக்கொண்டு
நஞ்சநாட்டுப் பக்கம் காதை வைத்திருப்பேன்.
மேலே ஷெரின் மேடம் சொல்வார்:
"இஞ்சின் போச்சு."
போகாது.
திராட்டிலை மூடுவார், அவ்வளவுதான்.
உறுமல் இறங்கி
தூங்கும் நாயின் மூச்சாகும்.
அந்தப் பொய்யை நம்பி
பழகுகிறவர் விழுந்து காட்டவேண்டும்,
தரைக்கு ஒரு தைலமர உயரத்தில்
இஞ்சினை எழுப்பவேண்டும்.

அன்றைக்கு ஆறு முறை விழுந்து
ஆறு முறையும் எழுந்தது.
விரல் விட்டு எண்ணியபடி டீ குடித்தேன்.

ஏழாவதில்
உறுமல் இறங்கியது.
நாய் மூச்சானது.
அப்புறம் மூச்சும் இல்லை.

ஈரத்துணி உதறுவதுபோல் இறக்கைச் சத்தம் மட்டும்;
அதுவும் சரிவுக்குக் கீழே போய்விட்டது.

டீ ஆறுவதற்குள்
நான் நினைத்ததைச் சொல்ல வெட்கம்.
ஷெரினை அல்ல.
ஐம்பத்திரண்டு வயதில் பறக்க ஆசைப்பட்ட
திருப்பூர் பனியன் கம்பெனி சென்னியப்பனையும் அல்ல.
காலையில் லாக் புத்தகத்தில் போட்ட
என் கையெழுத்தை.
நீல மை. கடைசி எழுத்தில்
பேனா கொஞ்சம் திக்கியது.

கேரட் பாத்தியில் உட்கார்ந்திருந்தது,
வால் வளைந்து,
ஒரு கால் மண்ணுக்குள் புதைந்து.
சென்னியப்பன் வரப்பில் நின்று
ஷூ மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.
"ரேடியோல சொல்லியாச்சு" என்றார் ஷெரின்,
என்னிடம் மட்டும் மூன்று முறை.

தோட்டக்காரர் போஜன் கேட்டார்:
"இஞ்சின் நின்ன பெறகு
விசிறி எப்பிடிங்க சுத்துச்சு?"
"விழுந்ததால."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
நசுங்கிய பாத்திகளை எண்ணப் போனார்.

பதினோரு டிகிரி. பத்தடிக்கு மேல் தெரியாத மஞ்சு
அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.
கார்புரேட்டர் தொண்டையில் ஐஸ் கட்டியிருக்கும்,
கட்டைவிரல் நகமளவு போதும்.
ஹீட்டர் குமிழை இழுத்ததாக ஷெரின் சொல்கிறார்.
இழுத்துத்தான் இருந்தது.
பாதி.
மோதிய வேகத்தில் உள்ளே போயிருக்கலாம்,
போகாமலும் இருந்திருக்கலாம்.
திறந்து விரலை விட்டேன்.
ஈரம்.
பழக்கதோஷத்தில் விரலைப் பேண்டில் துடைத்துவிட்டேன்.

விசாரிக்க வந்தவர் கேட்டார்:
"ஈரம்னா எவ்வளவு?"
விரல் நுனியைக் காட்டினேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

போஜனுக்கு நாலு மூட்டைக் காசு கொடுத்தார்கள்.
பெட்ரோல் குடித்த பாத்தியை
அவர் பிடுங்காமலே விட்டுவிட்டார்.

சித்திரையில் அந்த வழியே போனேன்.
கேரட் பூத்திருந்தது.
இடுப்பளவு உயரம், வெள்ளை வெள்ளையாய்.
இந்த மலையில் பதினாறு வருஷம்,
கேரட் பூவை அன்றுதான் பார்க்கிறேன்.
அதற்கு முன்னால் பிடுங்கிவிடுவார்கள்.

குனிந்து காதை வைத்தேன்.
தேனீக்கள்,
ஐடிலில்.