பதினைந்து சென்ரிமீற்றர்

காலையில் ஒரு ஆணியைப் புதைத்துவிட்டுத்தான் தொடங்குவோம்.
தெரிந்த ஆணிக்குக் கத்தாத கருவியிடம்
தெரியாததைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒட்டுசுட்டானில் நாகேந்திரத்தாரின் காணி
ஏழு மாதம் எடுத்தது.
கடதாசி வந்தது, முத்திரையோடு.
சிவப்புத் தடிகளைப் பிடுங்கிப் பிக்கப்பில் ஏற்றினோம்.
அவர் ஒழுங்கையிலேயே நின்றார்.
"உண்மையோ, பிள்ளை?"

ஓம் என்ற சொல்லின் மேல்
எவரும் கால் வைக்க ஏலாது.
காப்பங்கியைக் கழற்றிவிட்டு நடுக்காணிக்குப் போனேன்.
சப்பாணி கட்டி இருந்து
சோத்துப் பார்சலைப் பிரித்தேன்.
கத்தரிக்காய்ப் பால்கறி, ஆறிப்போயிருந்தது.
பாதிச் சோற்றில்
அவருடைய செருப்பு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கச்சான் போடலாம்" என்றார், மண்ணைக் கிள்ளிப் பார்த்து.
பிறகு,
"கிணறு?"

கருவிக்குப் பதினைந்து சென்ரிமீற்றர்வரை காது கேட்கும்.
எங்கள் உண்மையும் அவ்வளவு ஆழந்தான்.
கச்சானுக்குக் காணும்.
அதற்குக் கீழே நான் என்ன சொன்னாலும்
அது ஆசை.

சொல்லவில்லை.
அவரும் திரும்பக் கேட்கவில்லை.
கை கழுவத் தண்ணீர் வார்த்தார்,
பக்கத்துக் காணிக் கிணற்றில்
நிரப்பிக்கொண்டு வந்த போத்தலால்.